மீட்ட நாய்க்குத் தற்காலிக வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம். ஏழு வருடத்தில் 11 நாய்கள் இங்கே தங்கியிருக்கின்றன. 9 நாய்கள் நல்ல வீடுகளுக்குப் போயின. ஒன்று இறந்துபோனது. ஒன்று எங்களோடேயே நின்றுவிட்டது. ‘ஃபாஸ்டர் பண்ணலாம்னு இருக்கேன், ஆனா...’ என்று ஆரம்பித்து வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

ஃபாஸ்டர் என்றால் என்ன? தத்தெடுப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

அடிபட்டோ, நோயிலோ, தாயைப் பிரிந்தோ மீட்கப்பட்ட நாய்க்கு நிரந்தர வீடு கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் இடம் கொடுப்பதுதான் ஃபாஸ்டர். தத்தெடுத்தால் 12, 14 வருடப் பொறுப்பு. இது சில வாரம் அல்லது சில மாதம்.

சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தால் பாதி வேலைதான் முடிகிறது. இந்த நாய் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. ஆட்டோ சத்தத்துக்குப் பயப்படுமா, பூனையைத் துரத்துமா, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுமா, தட்டில் கை வைத்தால் உறுமுமா? தெருவில் பார்த்தவருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக் கூண்டில் பார்த்தவருக்கும் தெரியாது. கூடவே வாழ்ந்தால்தான் தெரியும். நான் ஒவ்வொரு நாய்க்கும் 40 பக்க நோட்டு ஒன்று போட்டுவிடுவேன். பின்னால் நாயோடு அந்த நோட்டும் போகும்.

ஷெல்டரிலேயே, அதாவது மீட்ட விலங்குகளின் காப்பகத்திலேயே, இருந்தால் என்ன?

கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற பழைய விலங்கு மீட்பு அமைப்புகளுக்கே இடம் எப்போதும் போதாது. சின்ன அமைப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குட்டிகளுக்கு அங்கே தொற்று பரவும் ஆபத்து அதிகம். ஆபரேஷன் ஆன நாய்க்கு அமைதி கிடைக்காது. கூண்டில் நடுங்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கியிருக்கும் நாயை எந்தக் குடும்பமும் விரும்பி எடுப்பதில்லை. அதே நாய் வீட்டு மொசைக் தரையில் மல்லாந்து தூங்கும் ஒரு போட்டோ போதும், ஃபோன் வர ஆரம்பித்துவிடும்.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டியிருக்கும்?

குட்டி என்றால் ஒன்றிரண்டு மாதம். வளர்ந்த நாட்டு நாய், அதுவும் கறுப்பு நிறம், பெண் என்றால் ஆறு மாதம்கூட ஆகும். இந்த மூன்றும் ஏன் மக்களுக்கு ஆகாது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ‘ரெண்டு வாரம்தான்’ என்று யாராவது சொன்னால் மனதுக்குள் இரண்டு மாதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்குப் போக வேண்டிய தேதிகளை, நாயை உங்களிடம் தரும் அமைப்பிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாடகை வீடு, அப்பார்ட்மெண்ட். அசோசியேஷன் தடுத்தால்?

வளர்ப்பு நாயே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பெரும்பான்மை ஓட்டில் தீர்மானம் போட்டாலும் செல்லாது. ஆனால் வீட்டு ஓனர் விஷயம் வேறு. வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று இருந்தால் சட்டம் பேசி ஜெயித்தாலும் பதினோராவது மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எங்கள் ஓனர் அம்மாவிடம் நான் முன்கூட்டியே போய், ‘ஒரு மாசம் பாருங்கம்மா, பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்’ என்றேன். இப்போது அவரே சிக்கன் எலும்பை எடுத்துவைத்து மாடிக்குக் குரல் கொடுக்கிறார். அதை வாங்கி யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடுகிறேன். காரணம் சாப்பாட்டுக் கேள்வியில் இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர், வாட்ச்மேன் அண்ணா, மாடிப்படி துடைக்கும் அக்கா ஆகிய மூவருக்கும் நாய் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை வராது.

செலவு யாருடையது?

பெரும்பாலும் மருந்து, ஊசி, ஆபரேஷன் அமைப்பின் பொறுப்பு. சாப்பாடு உங்கள் பொறுப்பு. இதை வாய்வார்த்தையாக விடாமல் மெசேஜில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி 11 மணிக்கு அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்பதையும் சேர்த்து. நீங்களே தெருவிலிருந்து தூக்கி வந்திருந்தால், வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தனியாரைவிடக் குறைவாகவே ஆகும். ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஆபீஸுக்கு லீவு போட்டுவிடுங்கள்.

முதல் ராத்திரி என்ன செய்வது?

ஒன்றும் செய்யக் கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது.

மிளகு வந்த நாளைச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் பாலத்தடியில் பின்னங்காலில் கம்பி இறுகிக் கிடந்தவள். ஒன்றரை வயது இருக்கும், உடம்பெல்லாம் கறுப்பு, மூக்கருகில் மட்டும் சாம்பல். கூண்டைத் திறந்ததும் நேராக வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் புகுந்தாள். இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. அங்கேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கினேன். நடுநடுவே வேகவைத்த ஈரலில் ஒரு துண்டைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவேன். முதல் நாள் ஈரல் அப்படியே எறும்பு மொய்த்துக் கிடந்தது. இரண்டாம் நாள் நான் எழுந்து போன பிறகு காணாமல் போனது. மூன்றாம் நாள் நான் இருக்கும்போதே மெல்லும் சத்தம் கேட்டது. அன்று விடியற்காலை பார்த்தால் வாசலில் என் இடது செருப்பைக் காணோம். மெஷினுக்குப் பின்னால் செருப்பு, காய்ந்த கறிவேப்பிலைக் குச்சி, அம்மாவின் கைக்குட்டை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு அதன்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மீட்புக்காரர்கள் 3-3-3 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் தெளிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 வாரம், இது நம் வீடு என்று தோன்ற 3 மாதம். எல்லா நாயும் கணக்குப் படித்துவிட்டு வருவதில்லை, ஆனாலும் குத்துமதிப்பாகச் சரிவரும். அந்த முதல் 3 நாள் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள்.

வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு மூலை, பழைய பெட்ஷீட் இரண்டு, தண்ணீருக்குக் கனமான கிண்ணம், ஒரு மாதத்துச் செய்தித்தாள். பால்கனி கிரில்லில் தலை நுழையும் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். எலி மருந்து, கரப்பான் சாக்பீஸ், மாத்திரை டப்பா மூன்றையும் பரணில் ஏற்றுங்கள். கழுத்துப்பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்வாங்கி இழுத்தால் தலை உருவிக்கொண்டு வந்துவிடும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸும் சேர்த்துப் போடுங்கள். வாசல் கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். பேப்பர் பில் வாங்கக் கதவைத் திறந்த நொடியில் கீழே ஓடிய நாயை நான் மூன்று தெரு தள்ளிப் பிடித்திருக்கிறேன்.

என்ன சாப்பாடு போடுவது?

குழைய வடித்த சோறு, உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழி, கொஞ்சம் பறங்கிக்காய் அல்லது கேரட். சைவ வீடு என்றால் முட்டை அளவுக்காவது இறங்கி வர முடியுமா என்று யோசியுங்கள். வெறும் தயிர் சாதத்தில் அடிபட்ட நாய் தேறாது. பட்டினி கிடந்து வந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நான்கு வேளை. பால் பல நாய்களுக்குப் பேதியாகும்.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. சாம்பார் சாதம் போடாதே என்று நான் அம்மாவோடு சண்டை போடுவது இந்த வெங்காயத்துக்காகத்தான். வேகவைத்த எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும். பிஸ்கட் வேண்டாம் என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

குட்டி வாந்தி எடுக்கிறது. நாளைக்குப் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. இப்போதே கிளம்புங்கள்.

இறந்துபோனது என்றேனே, அது ஏழு வாரக் குட்டி. சாயங்காலம் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. அலைச்சல் என்று நினைத்தேன். ராத்திரி மஞ்சளாக நுரை வாந்தி. காலையில் ரத்தம் கலந்த பேதி, அந்த வாடையை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பார்வோ, நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றியும் மூன்றாம் நாள் போய்விட்டது. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு கூடியிருக்கும்.

தடுப்பூசி போடாத குட்டிகளைத்தான் பார்வோ பெரும்பாலும் பிடிக்கிறது. கிருமி உடம்பில் புகுந்து சில நாள் கழித்தே அறிகுறி தெரியும். அதனால் வரும்போது துள்ளிக் குதிக்கும் குட்டியும் நான்காம் நாள் சுருண்டு விழலாம். எந்தக் குட்டி வந்தாலும் 14 நாள் மற்ற நாய்களோடு சேர்க்காதீர்கள். கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயில் ஊற்றினால் போதாது. திரவ ப்ளீச் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கு போகக் கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அதோடு ஃபினாயிலையோ டாய்லெட் ஆசிட்டையோ கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஊசிக் கணக்கு: 6 முதல் 8 வார வயதில் ‘7 இன் 1’, ‘9 இன் 1’ என்று சொல்லும் கூட்டுத் தடுப்பூசி ஆரம்பம். 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில், பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர். இது முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

உண்ணி, சொறி?

சொறிக்கு டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்து மருந்து தருவார். சில வகை மனிதருக்கும் அரிப்பைத் தரும், தொட்டால் கை கழுவுங்கள். வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசி இரண்டு மாதம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மாதமும் நாய் ராத்திரி தூங்கியிருக்காது.

உண்ணி பெரிய தலைவலி. நாய்மேல் இருப்பவை கொஞ்சம்தான், மிச்சம் சுவரில் இருக்கும். ரத்தம் குடித்து வீங்கிய பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மாத்திரை கொடுப்பதோடு விரிசலை அடைக்கவும் வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் எச்சரிக்கை: நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாயின் ஈறு வெளுத்திருக்கும், சாப்பிடாது, சிலசமயம் மூக்கில் ரத்தம் வரும். காய்ச்சல்தானே என்று குரோசின், புருஃபென் என நம் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருக்கிறதே?

எங்களோடு நின்றுவிட்டது பட்டாணி. கொடுக்க வந்ததை வைத்துக்கொள்பவரை மீட்பு வட்டாரத்தில் ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்பார்கள், நான் இரண்டாவது நாயிலேயே ஃபெயில். புது நாய் வந்தால் இரண்டு வாரம் பட்டாணி ஹாலில், அது பின் அறையில். ஒருவர் பெட்ஷீட்டை மற்றவருக்கு மோந்துபார்க்கக் கொடுப்பேன். பிறகு இருவரையும் வெளியே தெருமுனையில் கயிற்றோடு பக்கம் பக்கமாக நடத்தி, அப்படியே சேர்ந்து வீட்டுக்குள் வர வேண்டும். சாப்பாடு மட்டும் எப்போதும் தனித்தனி அறை. ஒரே தட்டு விளையாட்டெல்லாம் ரீல்ஸில் பார்க்க நன்றாக இருக்கும்.

கடித்துவிட்டால்?

பல் பட்டாலும் நகம் கீறி ரத்தம் வந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது மிக நீளம். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் வெறிநோய் ஊசி இலவசம். நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள், ஆனால் அந்த 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அடிக்கடி நாய் எடுப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே போடும் ஊசி வரிசையை டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. நான் போட்டிருக்கிறேன். கடிபட்டால் அதற்குப் பிறகும் ஊசி உண்டு, எண்ணிக்கை குறையும்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பூர்வீகம் தெரியாத வளர்ந்த நாயை முதல் ஃபாஸ்டராக எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

வீட்டுக்குள்ளேயே உச்சா போகிறது.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போங்கள். சரியான இடத்தில் போனால் உடனே ஒரு துண்டு ஈரல். உள்ளே போனதில் மூக்கைத் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் நம்மைக் கண்டதும் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொடுக்கும்.

விளம்பரம் எப்படி எழுதுவது?

‘பாவம், அனாதை, கடைசி வாய்ப்பு, யாராவது காப்பாத்துங்க’ என்று எழுதினால் அழுகை ஈமோஜி முந்நூறு வரும், ஃபோன் ஒன்றுகூட வராது. வந்தாலும் பரிதாபப்பட்டு வருபவர் ஒரு வாரத்தில் திருப்பிக்கொண்டு வருவார். நோட்டைப் பிரித்துப் பார்த்து எழுதுங்கள். மிளகுக்கு நான் எழுதியது:

‘மிளகு. ஒன்றரை வயது, பெண், நாட்டு நாய், கருத்தடை ஆகிவிட்டது, ஊசிகள் முடிந்தன. பின்னங்காலில் தழும்பு உண்டு, ஓடுவதில் குறையில்லை. இடது செருப்பு திருடுவாள், வலதைத் தொடமாட்டாள். குக்கர் விசில் பழகிவிட்டது, மிக்ஸி இன்னும் பழகவில்லை. ஆண்கள் வேகமாக நடந்து வந்தால் ஒளிவாள். நான்கு மணி நேரம் தனியாக இருப்பாள், அதற்கு மேல் கத்துவாள். பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது.’

கடைசி மூன்று வரியை எடுத்துவிடச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். எடுக்கவில்லை. நாலே பேர்தான் கூப்பிட்டார்கள், நாலு பேரும் விஷயம் தெரிந்து கூப்பிட்டார்கள். போட்டோவுக்குத் தரையில் படுத்து நாயின் கண் மட்டத்தில் எடுங்கள், பகல் வெளிச்சத்தில். கறுப்பு நாய் என்றால் வெளிர் நிறப் பெட்ஷீட்டின் மேல்.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

சுண்டல் என்று ஒரு நாய். ஒருவர் தனி வீடு, பெரிய காம்பவுண்ட் என்றார், நல்ல வேலை, இனிமையான பேச்சு. வீட்டைப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது சொல்லாமல் எட்டிப் பார்த்தேன். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்கின் நிழலில் மூன்றடிச் சங்கிலி. கிண்ணம் காய்ந்து பாசி வெடித்திருந்தது. ‘காவலுக்குத்தானே மேடம் நாய்’ என்றார், கோபம்கூட இல்லாமல். அவர் பொய் சொல்லவில்லை. நாய் எங்கே தூங்கும் என்று நான்தான் கேட்கவில்லை. அன்றைக்கே கூட்டிவந்துவிட்டேன். அடுத்த வீடு கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

இப்போது கேட்பது இவை. நாய் ராத்திரி எங்கே தூங்கும்? நீங்கள் வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள்? வீட்டில் யாருக்கு நாய் பிடிக்காது? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்கு ‘ஊர்ல தோட்டத்துல விட்டுட்டோம்’ என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். தத்துப் படிவத்தில் ‘வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி கட்டாயம். ஆறு மாதம் தாண்டிய நாயைக் கருத்தடை செய்யாமல் கொடுப்பதில்லை. சென்னை என்றால் மாநகராட்சி உரிமமும், நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம் என்பதை அப்போதே சொல்லி, தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்துவிடுவேன். அந்த அட்டை இல்லாமல் உரிமம் வாங்க முடியாது.

யாருமே வராவிட்டால் பழைய இடத்திலேயே விட்டுவிடலாமா?

2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகள், தெருநாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. தன் தெருவை அறிந்த, ஊட்டுபவர் ஒருவர் இருக்கும் வளர்ந்த நாய்க்கு, ஆபரேஷன் புண் ஆறியதும் அதுவே நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. எங்கிருந்து வந்த நாய் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டியாக வந்து, ஃபேனுக்குக் கீழே வளர்ந்ததைத் தெருவில் விடுவது வேறு. அதற்கு வண்டியும் தெரியாது, மற்ற நாய்களின் எல்லையும் தெரியாது. உங்களால் தொடர முடியாவிட்டால் அமைப்பிடம் வேறு ஃபாஸ்டர் வீடு கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

கொடுக்கும்போது அழுகை வராதா?

வரும். ஒன்பது முறையும் வந்தது. அம்மா நாய் கிளம்பும் நேரத்தில் கோயிலுக்குப் போய்விடுவாள்.

துவைக்காத பெட்ஷீட்டைக் கூடவே அனுப்புங்கள், வாசனை இருக்கும். மூன்று நாளுக்கு நீங்கள் போட்ட அதே சாப்பாட்டைப் போடச் சொல்லுங்கள். முதல் மாதம் போய்ப் பார்க்காதீர்கள். உங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் கிளம்பும்போது அது வாசலில் நிற்கும், அந்த வீட்டுக்காரர்களுக்குக் கஷ்டம். மிளகு கோயம்புத்தூருக்குப் போனாள். அங்கே இரண்டு நாள் சோபாவுக்குப் பின்னால் இருந்தாளாம். நோட்டில் எழுதியிருந்தபடி அந்த வீட்டுப் பெண்ணும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாளாம், அவள் நறுக்கியது பீன்ஸ்.

அடுத்த நாயை உடனே எடுக்கலாமா?

வீட்டில் பார்வோ வந்திருந்தால், ஊசி முடியாத குட்டிகளை ஒரு வருடத்துக்கு நான் எடுக்க மாட்டேன், வளர்ந்த நாய்தான். மற்றபடி உங்கள் உடம்பும் பர்ஸும் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்குக் கதவு சாத்தியிருக்கிறது. பால்கனிச் சுவர் விரிசலில் உண்ணி. கொத்தனார் அண்ணா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இது மூன்றாவது ஞாயிறு.